ஈஸ்ட்ரோஜன் எலும்பைக் காக்கிறது, பிரட்னிசோலோன் ஏன் கரைக்கிறது?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 58 வயது. முடக்குவாதத்துக்காக ஒரு வருடமாகத் தினமும் பிரட்னிசோலோன் 7.5 மி.கி. சாப்பிடுகிறார். டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது. டாக்டர் "ஸ்டீராய்டும் காரணம், மாதவிடாய் நின்றதும் காரணம்" என்கிறார். ஈஸ்ட்ரோஜனும் ஸ்டீராய்டுதான், பிரட்னிசோலோனும் ஸ்டீராய்டுதான், வைட்டமின் டி-யும் கிட்டத்தட்ட அதே குடும்பம் என்று படித்தேன். அப்படியானால் ஒன்று குறைந்தாலும் எலும்பு போகிறது, இன்னொன்று கூடினாலும் எலும்பு போகிறது என்றால் எப்படி?

நல்ல கேள்வி. டாக்டர் சொன்னது சரிதான், ஆனால் இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

ஸ்டீராய்டு என்றால் கொலஸ்ட்ராலிலிருந்து வந்த நான்கு வளையச் சட்டகம் என்பதோடு சரி. கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன், பிரட்னிசோலோன் அதன் செயற்கை உறவினர்), டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் (உடம்பின் முக்கிய ஈஸ்ட்ரோஜன்) எல்லாம் அதே சட்டகத்தில் ஓரங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள். அந்தச் சின்ன மாற்றத்தால் ஒவ்வொன்றும் வேறு ஏற்பியில், அதாவது செய்தியை வாங்கும் புரதத்தில், போய் உட்காருகிறது, உடம்பு அதற்குத் தரும் அர்த்தமும் அத்தோடு மாறிவிடுகிறது. ஆகவே மூலக்கூறுகளின் முகச்சாயலைப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. எலும்பில் எந்தச் செல் அந்தச் செய்தியை வாங்குகிறது, வாங்கியதும் பக்கத்துச் செல்லுக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எலும்பு அரிப்பு விஷயத்தில் இந்தப் பக்கத்துச் செல் சமாச்சாரம்தான் முக்கால்வாசிக் கதை.

முதலில் அரிப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வளர்ந்தவர்களின் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் அரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. அரிக்கிற செல் ஆஸ்டியோகிளாஸ்ட். இது எலும்புக்குச் சொந்தமான வம்சம் கூட இல்லை, ரத்தத்தில் ஓடும் மோனோசைட் வகைச் செல்கள் பல ஒன்றாக இணைந்து பல உட்கருக்களோடு உருவாகிற பெரிய செல். எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, விளிம்பை இறுக மூடி, அடியில் அமிலத்தைச் சுரக்கும். அங்கே பி.எச். 4.5 வரை இறங்கும், தாதுப்பு கரையும். மிஞ்சுகிற கொலாஜனை கேதெப்சின் கே என்ற நொதி வெட்டிப்போடும். ஓரிடத்தில் இந்த வேலை முடிய இரண்டு மூன்று வாரம். அந்தக் குழியை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் நிரப்ப மூன்று நான்கு மாதம். நம் ஊரில் குழாய் போடச் சாலையைத் தோண்டுகிறவர்களும் பின்னால் வந்து தார் போடுகிறவர்களும் போலத்தான் இது. தோண்டுகிற குழு ஒரே நேரத்தில் ஐம்பது தெருவில் இறங்கிவிட்டால், தார் போடுகிறவர்கள் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் ஊர் முழுக்கப் பள்ளம்தான். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது நடப்பது ஏறக்குறைய இதுதான். பிரட்னிசோலோன் கதை வேறு, அங்கே தார் போடுகிற ஆட்களையே காணோம்.

சரி, தோண்டச் சொல்வது யார்? 1970-களில் ஒரு குழப்பம் இருந்தது. பாராதைராய்டு ஹார்மோனும் (ரத்தக் கால்சியம் குறைந்தால் ஏறுவது) வைட்டமின் டி-யும் எலும்பை அரிக்க வைக்கின்றன என்று தெரியும், ஆனால் அவற்றுக்கான ஏற்பிகள் அரிக்கிற செல்லில் இல்லை, கட்டுகிற செல்லில் இருந்தன. 1981-ல் கிடியன் ரோடனும் ஜாக் மார்ட்டினும் ஒரு கருதுகோள் வைத்தார்கள்: ஹார்மோன் பேசுவது கட்டுகிற செல்லோடு, கட்டுகிற செல்தான் அரிக்கிற செல்லுக்கு உத்தரவு கொடுக்கிறது. அன்றைக்குக் கேட்கவே தலைகீழாக இருந்திருக்கும். அப்புறம் ஜப்பானில் டட்சுவோ சுடாவின் குழு, மஜ்ஜைச் செல்களை மட்டும் வளர்த்தால் ஆஸ்டியோகிளாஸ்ட் வருவதில்லை, ஆஸ்டியோபிளாஸ்ட் வகைச் செல்களோடு தொட்டுக்கொண்டு வளர்த்தால்தான் வருகிறது என்று காட்டியது. அந்த உத்தரவு எந்த மூலக்கூறு என்று கண்டுபிடிக்க 1998 ஆகிவிட்டது. அதன் பெயர் ரேங்க்-எல்.

அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, 1997-ல், அதன் எதிராளி கிடைத்திருந்தது, ஆஸ்டியோபுரோடெஜெரின், சுருக்கமாக ஓ.பி.ஜி. எலிகளில் இதை அளவுக்கு மீறிச் சுரக்க வைத்தபோது எலும்பு கெட்டியாகிப் போனது, அதை வைத்துத்தான் இந்தப் புரதம் என்ன செய்கிறது என்றே தெரிந்தது. கணக்கு எளிமையானது. ரேங்க்-எல் போய் ஆஸ்டியோகிளாஸ்டின் முன்னோடிச் செல்லில் இருக்கும் ரேங்க் ஏற்பியில் உட்கார்ந்தால் அரிப்பு தொடங்கும். ஓ.பி.ஜி. ஒரு போலி ஏற்பி, ரேங்க்-எல்லை நடுவழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டின் விகிதம்தான் அரிப்பின் அளவை முடிவு செய்கிறது. ரேங்க் தூண்டப்பட்டதும் செல்லுக்குள் ஒன்றையடுத்து ஒன்றாகப் புரதங்கள் விழிக்கும்: டிராஃப்-6, அதிலிருந்து என்.எஃப்.-கப்பா-பி, அதோடு சி-ஃபாஸ், கடைசியில் என்.எஃப்.ஏ.டி.சி-1 என்ற தலைமை மரபணு இயக்கி. இந்தக் கடைசி ஆள் விழித்துக்கொண்டால் மோனோசைட் இனி மோனோசைட் இல்லை, எலும்பு தின்னும் செல். ரேங்க்-எல்லே இல்லாத எலிகளில் ஆஸ்டியோகிளாஸ்ட் ஒன்று கூட இல்லை, பல்கூட முளைக்கவில்லை, ஏனென்றால் பல் வெளியே வரத் தாடை எலும்பு வழிவிட்டு அரிய வேண்டும்.

2011-ல் இன்னொரு திருத்தமும் வந்தது. வளர்ந்த எலும்பில் ரேங்க்-எல்லின் முக்கிய ஊற்று மேற்பரப்பில் கட்டிக்கொண்டிருக்கும் செல்கள் இல்லை, எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட்கள். எலும்புச் செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இவைதான், நீண்ட காலம் இவற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இப்போது ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உள்ளே வருகின்றன. கொழுப்பில் கரைபவை என்பதால் செல் சவ்வைத் தாண்டி நேரே உள்ளே போகும், ஏற்பியும் உள்ளேயே காத்திருக்கும். கார்டிசாலின் ஏற்பி சைட்டோபிளாசத்தில் எச்.எஸ்.பி.-90 என்ற துணைப் புரதத்தைப் பிடித்தபடி இருக்கும், ஹார்மோன் வந்ததும் உட்கருவுக்குள் போய் மரபணுக்களைத் திறக்கும் அல்லது மூடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பெரும்பாலும் உட்கருவிலேயே இருக்கிறது. இந்த வழி மெதுவானது, விளைவு தெரிய மணிக்கணக்கு ஆகும். இதைத் தவிர ஒரு வேகமான வழியும் உண்டு: ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒரு பங்கு செல் சவ்வோடு ஒட்டி நின்று, மரபணுவைத் தொடாமலே சில நிமிடங்களில் எஸ்.ஆர்.சி., ஈ.ஆர்.கே. என்ற கைனேஸ் தொடரைத் தூண்டிவிடும். ஆஸ்டியோபிளாஸ்ட்களும் ஆஸ்டியோசைட்களும் சாகாமல் இருக்க இந்த வழி உதவுகிறது என்று 2001-ல் ஸ்டாவ்ரோஸ் மனோலாகஸ் குழு காட்டியது. பாடப்புத்தகங்கள் இன்னமும் முதல் வழியை மட்டுமே படம் போட்டு விட்டுவிடுகின்றன.

ஈஸ்ட்ரோஜன் எலும்பில் ஒரே வேலையைச் செய்வதில்லை, நாலாபக்கமும் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறது. ரேங்க்-எல்லைக் குறைக்கும், ஓ.பி.ஜி.-யைக் கூட்டும். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்று அரிப்பைத் தூண்டும் சைட்டோகைன்களை (செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதங்களை) அடக்கும். 2007-ல் ஷிகேயாகி காட்டோ குழு எலிகளில் காட்டியது இன்னும் நேரடியானது: ஆஸ்டியோகிளாஸ்டுக்குள்ளேயே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா, ஃபாஸ் லிகாண்ட் என்ற புரதத்தைச் சுரக்க வைத்து அந்தச் செல்லைத் தானே சாகச் செய்கிறது. அதாவது அரிப்பவர் வேலை முடிந்ததும் இறந்துபோக ஈஸ்ட்ரோஜன் தேவை. அது இல்லாதபோது அவர் கூடுதல் நாள் உயிரோடு இருந்து குழியை ஆழமாக்குகிறார். மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் முதுகெலும்பில் வருடத்துக்கு இரண்டு மூன்று சதவீதம் அடர்த்தி போவது இதனால்தான். ஃபுல்லர் ஆல்பிரைட் இந்தத் தொடர்பை 1941-லேயே எழுதிவிட்டார், ரேங்க்-எல் எல்லாம் கனவில்கூட இல்லாத காலம். கர்ப்பப்பை அறுவையின்போது நாற்பது வயதுக்குள் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்ட பெண்களுக்கு இந்தக் கணக்கு பத்து வருடம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. நம்மூரில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கான சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கதை. 1994-ல் அமெரிக்காவில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை வந்தது. உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார், எலும்புகளின் வளர்தட்டு (எலும்பு நீளுகிற இடம்) மூடவே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் சரியான அளவில் இருந்தது, ஆனால் எலும்பு மட்டும் தேய்ந்திருந்தது. காரணம், அவருடைய ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா மரபணு பழுது, ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தும் பலன் இல்லை. அடுத்த சில வருடங்களில், டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் நொதி பிறவியிலேயே இல்லாத ஆண்கள் சிலர் கண்டறியப்பட்டார்கள். அவர்களுக்கும் அதே நெட்டை உடம்பு, அதே மெலிந்த எலும்பு. ஆனால் இவர்களுக்கு ஏற்பி நன்றாக இருந்ததால் ஈஸ்ட்ரடையால் கொடுத்ததும் வளர்தட்டு மூடியது, அடர்த்தி ஏறியது. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து அது நடக்கவில்லை. ஆணின் எலும்பையும் பெருமளவு காப்பது, அவன் உடம்பு டெஸ்டோஸ்டிரோனிலிருந்து தயாரித்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன்தான். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனை அடக்கும் ஊசி போடுபவர்களுக்கு எலும்பு முறிவு ஏன் கூடுகிறது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

இனி பிரட்னிசோலோன். அளவு மீறிய கார்டிசால் எலும்பைக் கரைக்கும் என்பதை ஹார்வி குஷிங் 1932-ல் தன் பெயரில் வழங்கும் நோயை விவரித்தபோதே பதிவு செய்திருந்தார். 1948-ல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிகளுக்கு, கார்டிசாலின் உறவினரான கார்டிசோனைக் கொடுத்தார், படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், 1950-ல் நோபல் பரிசும் வந்தது. எலும்பு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அப்புறம் புரிந்தது.

இதில் இரண்டு கட்டம். முதல் சில மாதங்கள் அரிப்பு கூடும்: ரேங்க்-எல் ஏறும், ஓ.பி.ஜி. இறங்கும், ஏற்கனவே இருக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்களின் ஆயுளும் நீளும். இந்த ஒரு இடத்தில் ஈஸ்ட்ரோஜனுக்கு நேர் எதிர் என்று சொல்லலாம், அது அரிக்கிற செல்லைச் சாக வைக்கிறது, இது வாழ வைக்கிறது. அடர்த்தி வேகமாகப் போவது இந்த முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில்தான். அப்புறம் வருவது நீண்ட இரண்டாம் கட்டம், அங்கே பிரச்சினை அரிப்பு இல்லை, கட்டுமானம் நின்றுபோவது. மஜ்ஜையிலிருக்கும் மூலச்செல்கள் ஆஸ்டியோபிளாஸ்ட் ஆகாமல் கொழுப்புச் செல்லாகத் திரும்பும். எலும்பு கட்டச் சொல்லும் வின்ட் சமிக்ஞைக்குத் தடைபோடும் டி.கே.கே.-1, ஸ்கிளிரோஸ்டின் போன்றவை கூடும். ஆஸ்டியோபிளாஸ்ட்களும் ஆஸ்டியோசைட்களும் செத்துப்போகும், 1998-ல் எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஆஸ்டியோசைட் சாவதுதான் எனக்கு மிக மோசமானதாகப் படுகிறது, ஏனென்றால் டெக்ஸா ஸ்கேன் தாதுப்பை மட்டும் அளக்கிறது, உள்ளே செல் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஸ்கேன் எண் ஓரளவு பரவாயில்லை என்று காட்டும்போதே முதுகெலும்பு நொறுங்குகிறது. எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

இது போதாதென்று குடல் உறிஞ்சும் கால்சியம் குறையும், சிறுநீரில் போகும் கால்சியம் கூடும், தொடைத் தசை பலவீனமாகி விழுகிற வாய்ப்பு கூடும். வயதாக ஆக, ஆஸ்டியோபிளாஸ்டுக்குள்ளேயே செயலற்ற கார்டிசோனைச் செயலுள்ள கார்டிசாலாக மாற்றும் 11-பீட்டா எச்.எஸ்.டி.-1 என்ற நொதி கூடுகிறது, ஆக அதே மாத்திரை முப்பது வயதுக்காரரைவிட அறுபது வயதுக்காரரின் எலும்புக்குள் அதிகமாக வேலை செய்யலாம். சின்ன டோஸ்தானே என்றும் விட முடியாது: பிரிட்டனில் 2000-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில் தினம் 2.5 முதல் 7.5 மி.கி. வரை எடுத்தவர்களுக்கு முதுகெலும்பு முறிவு அபாயம் சுமார் இரண்டரை மடங்கு, 7.5-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு சுமார் ஐந்து மடங்கு இருந்தது. நல்ல செய்தி, மாத்திரையை நிறுத்திய பிறகு அபாயம் சீக்கிரமே இறங்கத் தொடங்கியது.

இதைப் படித்துவிட்டு அம்மாவின் மாத்திரையை இன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் காரணம், நீண்ட நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் அட்ரினல் சுரப்பி தூங்கிவிட்டிருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் சொல்கிற வேகத்தில்தான் குறைக்க வேண்டும். இரண்டாவது காரணம் இந்தக் கேள்விக்கு நெருக்கமானது: முடக்குவாதமும் எலும்பைத் தின்கிறது. வீங்கிய மூட்டுச் சவ்வே ரேங்க்-எல் சுரக்கிறது, டி.என்.எஃப்.-உம் இன்டர்லூகின்களும் கூடவே எண்ணெய் ஊற்றுகின்றன. 1995-ல் வந்த ஒரு ஆய்வில் தினம் 7.5 மி.கி. பிரட்னிசோலோன் இரண்டு வருடம் எடுத்தவர்களுக்கு மூட்டெலும்பு அரிப்பு குறைவாகவே இருந்தது. ஆக ஒரே மாத்திரை விரல் மூட்டில் எலும்பைக் காத்துக்கொண்டே முதுகெலும்பில் கரைக்கிறது. அங்கே என்.எஃப்.-கப்பா-பி-யை அடக்கி அழற்சியைத் தணிக்கிறது, இங்கே கட்டுகிற செல்லைக் கொல்கிறது.

அப்படியானால் நல்லதை மட்டும் செய்கிற ஸ்டீராய்டு ஒன்று தயாரிக்க முடியாதா? பல வருடம் முயன்றார்கள். கார்டிசால் ஏற்பி இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.-வில் உட்காரும்போது பக்கவிளைவு, ஒற்றையாக நின்று என்.எஃப்.-கப்பா-பி, ஏ.பி.-1 என்ற மரபணு இயக்கிகளைத் தடுக்கும்போது அழற்சி தணிப்பு, எனவே ஒற்றையை மட்டும் தூண்டினால் போதும் என்பது கணக்கு. அழகான கணக்கு. 2010-ல் யான் டக்கர்மான் குழு எலிகளில் சோதித்தபோது, எலும்புக் கட்டுமானத்தை நிறுத்துவதும் அதே ஒற்றை ஏற்பிதான் என்று தெரிந்தது. ஏ.பி.-1 தடுக்கப்படுவதால் இன்டர்லூகின்-11 குறைந்து ஆஸ்டியோபிளாஸ்ட் வளர்ச்சி தடைப்படுகிறது. எலும்பு விஷயத்திலாவது அந்தப் பாதை எளிதில் திறக்காது என்றே நினைக்கிறேன்.

வைட்டமின் டி-யைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலில் இருக்கும் கொலஸ்ட்ரால் உறவினர் ஒருவரின் நான்கு வளையத்தில் ஒன்றைச் சூரியனின் புற ஊதாக்கதிர் உடைத்துவிடுகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செதுக்கி கால்சிட்ரையால் ஆக்குகின்றன. வேடிக்கை என்னவென்றால் இதை நேரடியாக எலும்புச் செல் வளர்ப்பில் ஊற்றினால் ரேங்க்-எல் ஏறி அரிப்பு கூடும். சுடாவின் குழு சோதனைக்கூடத்தில் ஆஸ்டியோகிளாஸ்டை வரவழைத்ததே இதை வைத்துத்தான். உடம்பில் மட்டும் அது எலும்பைக் காப்பது எப்படி? குடலில் கால்சியத்தை உறிஞ்ச வைப்பதால் ரத்தக் கால்சியம் குறையாது, அதனால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறாது, எலும்பைச் சுரண்டிக் கால்சியம் எடுக்க வேண்டிய அவசியம் வராது. குறைவாக இருந்தால் கெடுதல், அளவு மீறினாலும் கெடுதல். ஆறு லட்சம் யூனிட் ஊசியை வருடத்துக்குப் பல தடவை போட்டுக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

கடைசியில் அம்மா விஷயம். தினம் 2.5 மி.கி.-யோ அதற்கு அதிகமாகவோ மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுக்கிற எவருக்கும் முறிவு அபாயத்தைக் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி என்பது அடிப்படை, ஆனால் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அது மட்டும் போதாது. வாரம் ஒரு தடவை விழுங்கும் அலெண்ட்ரோனேட், வருடம் ஒரு தடவை ஏற்றும் ஸோலெட்ரோனேட் இரண்டும் ஆஸ்டியோகிளாஸ்டை முடக்குபவை. டெரிபாரடைட் ஊசி கட்டுகிற பக்கத்தைத் தூண்டுகிறது, கட்டுமானமே நின்றுபோகிற ஸ்டீராய்டு எலும்புத் தேய்வில் அது அலெண்ட்ரோனேட்டைவிட அடர்த்தியை அதிகம் கூட்டியது என்று 2007-ல் ஒரு ஆய்வு வந்தது, நான் மேலே சொன்ன இரண்டாம் கட்டத்தை நினைத்தால் அது ஆச்சரியமில்லை. செலவுதான் இடிக்கும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை இதற்காக மட்டும் கேட்காதீர்கள்: 2002-ல் வெளியான அமெரிக்கப் பெண்கள் ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆனால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடின.

ரேங்க்-எல்லையே பிடித்துக் கட்டிப்போடும் டெனோசுமாப் என்ற ஊசியும் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒன்று, 60 மி.கி., ஓ.பி.ஜி. செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. டாக்டர் அதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த ஊசியின் தேதியை உங்கள் போனில் குறித்து வையுங்கள், ஏனென்றால் தள்ளிப்போட்டாலோ பாதியில் நிறுத்தினாலோ அடக்கி வைத்திருந்த ஆஸ்டியோகிளாஸ்ட்கள் மொத்தமாகக் கிளம்பி முதுகெலும்பில் ஒரே நேரத்தில் பல முறிவுகள் வந்த நோயாளிகள் உண்டு. நிறுத்துவதானால் பின்னாலேயே ஸோலெட்ரோனேட் போன்ற ஒன்றைக் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். முதல் ஊசி போடும் முன்பே, எப்படி நிறுத்துவது என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.